இரண்டாம் பதிப்பில் தராசு மாமா

உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுக்கு ஒரு முறை நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் ஓய்வூதியம் வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் நான் முத்திரை ஆய்வாளராக இருந்த எடை அளவு அலுவலகத்தின் மாடியில்தான் அந்தப் பிரிவும் இருக்கிறது. நான் படியேறிப் போனால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பழையவர்கள் என்னைக் காட்டி, "சொந்தத் தங்கச்சி புருஷன் மேலயே கேஸ் போட்டவர்" என்று மெல்லச் சொல்வார்கள். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொல்வார்கள்.

இந்த ஆண்டு யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் மேசைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர்களில் ஒருத்தி துணிந்து பக்கத்தில் வந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு தடவை 'குறையுது'ன்னு சொல்லுங்களேன்."

"என்ன குறையுது?" என்றேன்.

அறை முழுவதும் வெடித்துச் சிரித்தது. கதவருகே நின்ற காவலாளி கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

என்னிடம் பத்து ஆண்டுகள் வேலை பார்த்த தலைமை எழுத்தர் ஓடி வந்து என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். முகம் வெளிறியிருந்தது. "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா சார்? உங்க தங்கச்சி பையன் பண்ணின கேம் சார். 'தவளைக்கு வந்த சோதனை'. அதுல நீங்க இருக்கீங்க. ஆபீஸ்ல எல்லாரும் இப்பதான் ஆட ஆரம்பிச்சிருக்காங்க."

"நான் எப்படி அதில் இருக்க முடியும்?"

அவர் தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. கையில் தோல்பை. முதுகு கோல் போல நேராக இருந்தது. என் நடையை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. இருந்தாலும் அது என் நடைதான் என்று தெரிந்தது. தலைக்கு மேல் எழுதியிருந்தது: தராசு மாமா.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த தவளை விளையாட்டு உலகமெல்லாம் பிரபலமாம். தவளை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவிக்கொண்டே போகும். அதன் மேல் பைத்தியமான ரசிகர்கள், அதே தவளையை வைத்துத் தங்கள் ஊர், தங்கள் தெரு, தங்கள் கிண்டல் என்று சொந்தமாக விளையாட்டுகள் செய்து சும்மா கொடுக்கிறார்கள். என் தங்கை மகன் செய்தது அப்படி ஒன்று. கடைத்தெருவில் தவளை அலமாரிக்கு அலமாரி தாவும். தராசு மாமா துரத்துவார். பிடித்தால் தவளையைத் தராசில் உட்கார வைத்து, "ரெண்டு கிராம் குறையுது!" என்று கத்தி, நெற்றியில் சிவப்பு முத்திரை குத்தி, ஆரம்பித்த இடத்துக்கே அனுப்பிவிடுவார். தப்பிக்க ஒரே வழி மேசைக்கு அடியில் புகுவது. மாமாவுக்கு முதுகு வளையாது.

வீட்டுக்கு வந்து மருமகளைக் கூப்பிட்டேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"இந்தத் தவளை விவகாரம் உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஏழு வருஷமா மாமா."

"என் பையனுக்கு?"

"அவர்தான் எனக்கே காட்டினார்."

"நீ எது வரைக்கும் ஆடியிருக்க?"

"முடிச்சுட்டேன் மாமா," என்றாள், குற்றவாளி போல. "ரெண்டு தடவை."

மகனின் கணினியில் முழுவதையும் எனக்கு ஆடிக் காட்டச் சொன்னேன். அருகில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் பார்த்தேன். முதல் ஏழு கட்டங்களில் பொறுக்க முடியாத எதுவும் இல்லை. கேலி செய்கிறான், செய்துவிட்டுப் போகட்டும். கடமையைச் செய்கிறவனைப் பார்த்துத் தெரு சிரிப்பது புதிதில்லை. எட்டாவது, கடைசிக் கட்டம், ஓர் ஆணிக்கடை.

அங்கே ஆணிப்பெட்டி மேல் பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் தங்கை கணவர். ஆணி, திருகாணி, கம்பி எல்லாம் எடைக்கு விற்றவர். எங்கள் பக்கத்தில் அவரை ஆணிக்காரர் என்றுதான் சொல்வார்கள். தராசு மாமா கடைக்குள் வருகிறார். நம் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கிறார். ஆணிக்காரரின் எடைக்கல்லை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து உள்ளே பொள்ளலான, எடை குறைந்த வேறொரு கல்லை எடுத்து அங்கே வைக்கிறார். அது தட்டில் ஏறுவதற்குள் தவளை நாக்கை நீட்டிப் பறித்துவிட வேண்டும். பறித்துவிட்டால் ஆணிக்காரர் ஆணிப்பெட்டி மேல் ஏறிக் குதித்துக் குதித்து ஆடுகிறார். விளையாட்டு முடிகிறது.

"இந்த இடம்தான் மாமா எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்," என்று மருமகள் வாய்தவறிச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்தாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அந்தக் கடையைச் சோதித்தேன். இரண்டு கிலோ கல் பன்னிரண்டு கிராம் குறைந்தது. கடைக்குள் ஆட்கள் நின்றிருந்தார்கள். "மச்சான், இன்னொரு தடவை வச்சுப் பாருங்க, உங்களுக்கும் கண்ணாடி மாத்தற வயசாச்சு," என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொரு முறை வைத்தேன். பன்னிரண்டு கிராம். வழக்குப் பதிந்தேன். மறுநாள் செய்தித்தாளில் என் பெயரும் அவர் பெயரும் அடுத்தடுத்து வந்தன. வீடு கட்டுகிறவர்கள் அவரிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். ஓராண்டில் கடை போயிற்று. கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போனார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இறந்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்தே தங்கை என் வாசலை மிதிக்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கல்லை மாற்றவில்லை. எந்தக் கடையிலும் எந்த நாளும் அப்படிச் செய்ததில்லை. நடந்தது வேறு.

கடைக்காரர்களின் கல்லை ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் அலுவலகக் கற்கள் இருக்கும். அவற்றையும் ஆண்டுக்கு ஒரு முறை தலைமை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்க வேண்டும். அந்த ஆண்டு சரிபார்த்து வந்த சில நாட்களில், அலுவலகப் படிக்கட்டில் என் இரண்டு கிலோ கல் கைதவறி விழுந்தது. கல்லின் அடியில் எடையைச் சரிக்கட்ட ஒரு சிறு குழியில் ஈயம் அடைத்திருக்கும். அது பெயர்ந்து போயிற்று. பதிவேட்டில் எழுதிக் கல்லைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். 'கவனக்குறைவு' என்று என் பணிப்பதிவில் ஒரு வரி ஏறியிருக்கும். ஒரு வரிதான். அதை என்னால் தாங்க முடியவில்லை. பட்டறைக்காரர் ஒருவரிடம் ஈயம் உருக்கி ஊற்றச் சொன்னேன். பக்கத்துக் கடைத் தராசில் வைத்து, சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தராசுக்கு முத்திரை போட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று, எல்லோரையும் கேட்கிற நான், அன்றைக்குக் கேட்கவில்லை.

அடுத்த பத்து மாதங்களில் பன்னிரண்டு கடைகளில் இரண்டு கிலோ கல் குறைந்தது. எல்லாம் ஒரே அளவாகப் பன்னிரண்டு கிராம், சில இடங்களில் ஒரு கிராம் முன்னே பின்னே. ஒரே மோசடிக்காரனிடம் எல்லோரும் கல் வாங்கியிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினேன். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஆண்டு முடிவில் கற்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அங்கிருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க ரெண்டு கிலோ பன்னெண்டு கிராம் கூடுது. அடியில யாரோ கை வச்சிருக்காங்க. சரி பண்ணிடட்டுமா, எழுதட்டுமா?" என்றார்.

"சரி பண்ணுங்க," என்றேன்.

கடைக்காரர்களின் கற்கள் எல்லாம் சரியான கற்கள். ஆணிக்காரருடையதும்தான். அதற்குள் வழக்கு முடிந்திருந்தது, கடையை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெயரோ ஊரெல்லாம் பரவியிருந்தது. இப்போது போய் நான்தான் தவறு என்று சொன்னால் கடை திரும்பி வருமா? என் குடும்பத்தின் பெயர் மட்டும் போகும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மனைவி இருந்தவரை அவளிடமும் சொல்லவில்லை.

ஆகவே அந்தத் திரையில் நான் கண்டது பொய். நான் செய்யாத ஒன்று. அதற்காகக் கோபப்பட எனக்கு முழு உரிமை இருந்தது. அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன்: வரிசை எண், எந்தக் கட்டம், எந்த இடம், அங்கே காட்டப்படுவது என்ன, உண்மை என்ன. மொத்தம் இருபத்து மூன்று ஆட்சேபங்கள். சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டு மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனேன்.

பெயர்ப்பலகை அச்சடிக்கும் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். கீழே அந்தக் கடையில்தான் தங்கை மகனுக்கு, அதாவது என் மருமகனுக்கு, வேலை, பலகைகளுக்குப் படம் போடுவது. முப்பத்தைந்து வயது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அம்மா, மாமா வந்திருக்கார்."

"எந்த மாமா?" உள் அறையிலிருந்து என் தங்கையின் குரல் வந்தது. "எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இருந்தார். அவர் கவர்மென்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிட்டாரே."

"அம்மா!"

"உட்காரச் சொல்லு. அந்த நாற்காலி ஒரு கால் குட்டை. முன்னாடியே சொல்லிடு, இல்லாட்டி அதுக்கும் கேஸ் போட்டுடுவார்."

நான் நின்றபடியே காகிதங்களை நீட்டினேன். அவன் வாங்கிப் படித்தான். இரண்டாம் பக்கம் வந்தபோது மெல்ல உட்கார்ந்துவிட்டான். திட்டுவான், அல்லது மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"மாமா, ஏழு வருஷமா உலகம் பூரா ஆடுறாங்க. இவ்வளவு சுத்தமா ஒருத்தரும் தப்பு எழுதி அனுப்பினதில்ல."

"பாராட்டு வாங்க நான் வரல."

"இல்ல மாமா, நிஜமாத்தான். மூணு வாரத்துல புது வெர்ஷன் வருது. எல்லாப் படமும் புதுசா வரைஞ்சிருக்கேன். யார் தப்பு கண்டுபிடிச்சாலும் திருத்திடணும், கடைசியில அவங்க பேரைப் போடணும். இப்படி கேம் பண்ற எங்க ஆளுங்க எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. நீங்க கேமையே நிறுத்தச் சொல்லப் போறீங்கன்னு பயந்துட்டேன்."

"யாரையும் கடையை மூட வைக்கிறது என் வேலை இல்ல. தப்பைத் திருத்தச் சொல்றதுதான் என் வேலை."

"மூடாமயா போச்சு!" என்றது உள்ளிருந்து தங்கையின் குரல்.

அவன் அதைக் கேட்காதவன் போல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு கிலோ கல் உருண்டை இல்லை, ஆறு பட்டை, ஒப்புக்கொண்டான். முத்திரை மையால் குத்துவது இல்லை, ஈயத்தில் உளியால் அடிப்பது, ஒப்புக்கொண்டான். நான் யார் கடையிலும் எதையும் வாங்கித் தின்றதில்லை. மூன்றாம் கட்டத்தில் மாமா கொறிக்கும் கடலையை எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"பதினாறாவது என்ன மாமா... 'இருமல் சரியாக உள்ளது, மாற்றத் தேவையில்லை'."

"அது என் இருமல்தான். எங்க பிடிச்ச?"

"சின்ன வயசுல நீங்க தெருமுனை திரும்பும்போதே கேட்கும். அப்பா உடனே வாயைத் துடைச்சுக்கிட்டு, 'டேய், நியாயம் வருது, நேரா உட்காரு'ன்னுவார்." சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன். உள்ளே பாத்திரம் ஒன்று வேகமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. நிறுத்திக்கொண்டோம்.

இருபத்து மூன்றாவதில் அவன் விரல் நின்றுவிட்டது.

"இது அப்பா சொன்னது மாமா."

"நான் கல்லை மாத்தினேன்னு உங்கப்பா சொன்னாரா?"

"அப்படி இல்ல." அவன் தலையைச் சொறிந்தான். "அப்பா எதையும் நேராச் சொல்ல மாட்டாரே. 'உங்க மாமாகிட்ட ரெண்டு சாமான் எடை கூடுதல். ஒண்ணு அவர் கல்லு, இன்னொண்ணு அவர் மூக்கு'ன்னு சொல்லிட்டே இருப்பார். கல்லு கூடுதல்னு படத்துல எப்படிக் காட்டுறது? ரெண்டு கல்லும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆடுறவனுக்குப் புரியாது. அதான் மாத்தி வைக்கிற மாதிரி பண்ணிட்டேன். அப்பா ஆடிப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். 'மாமா கண்ணடிக்க மாட்டார்டா, மத்ததெல்லாம் சரி'ன்னார்."

ஆட்டம் காணும் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆணிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் மாத்தல," என்றேன். "நீ காட்டியிருக்கிறது பொய். லட்சம் பேர் பார்க்கிற இடத்துல, செத்தவர் பேரைச் சொல்லி, உயிரோட இருக்கிறவன் மேல பழி."

"நீங்க மாத்தலைன்னு எனக்கும் தெரியும் மாமா." அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். குரலில் கேலி இல்லை. "ஆனா அப்பா சொன்னது நிஜமா, இல்ல மனசு ஆறாம சொன்னதான்னு எனக்குத் தெரியாது. நிரூபிக்க ஒண்ணும் இல்ல. உங்க வார்த்தை ஒண்ணு போதும். உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு அம்மாவே சொல்வாங்க. அதைச் சொல்லிச் சொல்லித்தான் உங்களைத் திட்டுவாங்க."

உள் அறைக் கதவு திறந்தது. தங்கை வாசலில் வந்து நின்றாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. அவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் கண்ணைத் துடைக்கவில்லை, கோபமாகவும் இல்லை. கடையில் சாமான் கேட்பவள் போலக் கேட்டாள்.

"அண்ணா. அவர் கல்லு குறைஞ்சுதா, இல்லையா?"

அந்த நேரம் என் மனதில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். தங்கை வரவில்லை. அவள் கணவர் வரவில்லை. மாடியில் எழுந்து நிற்கும் ஆட்கள்தான் வந்தார்கள். என் மகனிடம், "உன் அப்பாவா, அவர் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கென்று சொல்லிக்கொள்ள நிலம் இல்லை, பணம் இல்லை. என்னைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"நான் வச்சுப் பார்த்தப்போ பன்னெண்டு கிராம் குறைஞ்சுது," என்றேன்.

"உங்க கல்லு, மாமா?" என்று கேட்டான் மருமகன், மெதுவாக.

"வருஷா வருஷம் சோதனைக்குப் போற கல்லு. பதிவேட்டுல இருக்கு. யார் வேணாலும் பார்க்கலாம்."

இரண்டு வாக்கியங்களிலும் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

தங்கை என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். "சரி," என்றாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. மருமகன் இருபத்து மூன்றாம் எண்ணுக்கு நேரே, ஒப்புக்கொண்டதாகச் சிறு கோடு ஒன்று போட்டான்.

மூன்று வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. நானே மருமகளிடம் ஆடிக் காட்டச் சொன்னேன். படங்கள் மிக அழகாக இருந்தன. கற்கள் ஆறு பட்டையாக இருந்தன. முத்திரை உளியால் அடித்தார்கள். மாமா எதையும் கொறிக்கவில்லை.

எட்டாம் கட்டம் வந்தது. ஆணிக்காரர் முன்பு போலவே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். தராசு மாமா உள்ளே வருகிறார், கண்ணடிக்கவில்லை. ஆணிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பொள்ளல் கல்லைக் காலால் தள்ளி மறைத்து, மேசைக்கு அடியிலிருந்து நல்ல கல் ஒன்றை எடுத்துத் தட்டில் வைக்கிறார். தவளை நாக்கை நீட்டி அவர் மறைத்த கல்லை வெளியே இழுத்துப் போட வேண்டும். போட்டதும் மாமா, "பன்னிரண்டு கிராம் குறையுது!" என்கிறார். ஆணிக்காரர் ஆணிப்பெட்டி மேல் ஏறிக் குதிக்கிறார். அதே ஆட்டம்தான். ஆனால் இப்போது ஆணி குத்தி, வலியில் ஆடுகிறார். தெருவே சுற்றி நின்று கைகொட்டிச் சிரிக்கிறது.

மருமகள் முடிக்காமல் பாதியில் எழுந்து போய்விட்டாள். கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலை நான் மட்டும் பார்த்தேன். தவறு சுட்டிக்காட்டியவர்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர் என்னுடையது.

மருமகனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"உங்கப்பாவை ஏன்டா இப்படிப் பண்ணின? அந்தக் கட்டத்தையே எடுத்திருக்கலாமே?"

"எடுத்துட்டா கேமே இல்ல மாமா. அதுக்காகத்தான் மத்த ஏழும். தப்புன்னு தெரிஞ்சா திருத்தணும். யாருன்னு பார்க்கக் கூடாது. தங்கச்சி புருஷன்னு நீங்க பார்த்தீங்களா? அப்பான்னு நானும் பார்க்கல."

"உங்கம்மா பார்த்தாளா?"

"அவங்க தினமும் ஆடுவாங்களே. பழசை. அப்பா ஆடுற ஆட்டத்துக்காக. புதுசை ஒரு தடவை பார்த்தாங்க."

ஆடுகிறவர்களில் சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. மாமாவை நல்லவராக்கிச் சிரிப்பைக் கெடுத்துவிட்டாய் என்று எழுதினார்களாம். பெரும்பாலோருக்குப் பிடித்துப் போயிற்று. ஆணிக்காரர் மாட்டிக்கொண்டு குதிப்பதைத் தனியாக வெட்டி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஏதோ ஒரு படிவத்துக்காக அலுவலகம் போனேன். ஜன்னலோரத்துப் பெண்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். "சார், அது உங்க வாழ்க்கையில நடந்ததாமே. தெரியாம சிரிச்சுட்டோம் சார்," என்றாள் ஒருத்தி. உட்காரச் சொன்னேன்.

அந்த வாரம் ஒரு முற்பகல், வாசலில் என் தங்கை நின்றாள். தனியாக வந்திருந்தாள். மருமகள் ஓடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மருமகள் கொண்டுவந்த தண்ணீரை முழுவதும் குடித்தாள்.

"அண்ணா, இத்தனை வருஷம் உங்களை நான் பேசாத பேச்சில்ல. சாபம் கூட விட்டிருக்கேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"சொல்லிடுறேன், தடுக்காதீங்க. அவர் சத்தியம் பண்ணுவார். நம்பினேன். நம்பித்தான் உங்களோட சண்டை. நீங்க அன்னிக்கு என் முகத்தைப் பார்த்துச் சொன்னப்புறம் என்னால அவரை நம்ப முடியல. அண்ணன் பொய் சொல்ல மாட்டார். அது சின்ன வயசுலேர்ந்தே எனக்குத் தெரியும். அப்போ பொய் சொன்னது யாரு?"

அவள் என் அமைதியைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

"கடைசிக் காலத்துல ஒரு வேலை பண்ணுவார் அண்ணா. நீங்க பிடிச்ச மத்த கடைக்காரங்க இருக்காங்களே, ஒவ்வொருத்தரையா தேடிப் போவார். பஸ்ல, நடந்து, வெயில்ல. 'உங்க கல்லு எவ்வளவு குறைஞ்சுது, உங்க கல்லு எவ்வளவு குறைஞ்சுது'ன்னு கேட்டுட்டு வருவார். வந்து என்கிட்ட, 'பார்த்தியா, அவனுக்கும் பன்னெண்டுதான்'னு சொல்வார். மனசு கலங்கிப் போச்சு பாவம்னு நெனச்சேன். இப்பதான் புரியுது. திருடன் துணைக்குத் திருடனைத் தேடியிருக்கார்."

கதவருகில் நின்ற மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் அவளும் நாள் முழுவதும் எடை பார்க்கிறவள். கடை வேறு, கல் வேறு, குறைவு மட்டும் எல்லோருக்கும் பன்னிரண்டு என்பதை அவள் மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"போனவரைப் பத்தி அப்படிப் பேசாதே," என்றேன் தங்கையிடம்.

அது ஒன்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அதற்கும் அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்குப் பெரிய மனசு அண்ணா. அவரை இன்னிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்க. என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மருமகள் இன்னும் அசையவில்லை.

"மன்னிச்சுட்டேன்," என்றேன்.

மதியம் அவள் எங்களோடு சாப்பிட்டாள். மருமகள் என் பக்கம் பார்க்காமல் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் தங்கை சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தாள். அண்ணன் வீட்டில் இருக்கிறேன், இத்தனை நாள் தப்பு எங்கள் பக்கம்தான், அண்ணன் மேல் தப்பே இல்லை. சிலர் என்னிடம் பேச வேண்டும் என்றார்கள். போனை வாங்கி, சாயங்காலம் வரை, ஒவ்வொருவரிடமும் பேசினேன்.